ஸ்ரேஷனடிக் காணி: வடக்குப் பாதை மீண்ட பின் நடந்ததும் நடக்காததும்

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் ஸ்ரேஷனில் கூடியிருந்த சனத்துக்குள் நானும் நின்றேன். 24 வருடங்களுக்குப் பிறகு கோச்சி வருகிறது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா பேத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பிள்ளை அதுவரை ரெயிலையே கண்டதில்லை. அன்று இரவே ரொறன்ரோவில் இருந்து மச்சான் கோல் எடுத்தான். "டேய், இனி ஸ்ரேஷனடிக் காணி என்ன விலை போகும்?"

காணி மதிப்பீடு என் தொழில். மச்சான் கேட்ட அதே கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். வங்கிக் கடனுக்கு மதிப்பு எடுக்க வந்தவர்கள், விடுதி கட்ட இடம் தேடியவர்கள், விடுமுறைக்கு வந்து தாய்வழி வளவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் என்று பலர். விலை ஏறியது உண்மைதான். ஆனால் நிலையங்களைச் சுற்றிக் கடையும் தொழிலும் குடியிருப்புமாக ஒரு புது நகரப்பகுதி எழும்பும் என்று நம்பினோமே, அது எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை என்பதை நாவற்குழியில் இருந்து காங்கேசன்துறை வரையுள்ள நிலையங்களை வைத்தும், என் கையால் மதிப்பீடு செய்த ஒரு காணியை வைத்தும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்டவாளம் தூரத்தைக் குறைத்தது, ஆனால் காணிகளைச் சேர்த்து வைக்க அதனால் முடியவில்லை. பிரிந்து கிடக்கும் காணியில் வீடு கட்டலாம், நகரம் கட்ட முடியாது.

பாதையின் கதை

குடாநாட்டுக்குள் ரெயில் முதலில் ஓடியது 1902இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். 1905 ஓகஸ்டில் பாதை கொழும்புவரை முழுதாக இணைந்தது. அன்றைக்கு அது எங்கள் ஊர்களுக்கு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைய கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பாதை வந்ததும் தொழிற்சாலை வரவில்லை. கந்தோர் உத்தியோகம்தான் வந்தது. கொழும்பில் வேலை, ஊரில் வீடு. மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மெயில் கோச்சியில் போய் வந்த ஒரு தலைமுறையே இருந்தது. அவர்களின் சம்பளமும் மலாயாவுக்குப் போய் வந்தவர்களின் பென்ஷனும் கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஒழுங்கைகளில் கல்வீடாகவும் மதிலாகவும் மகளின் சீதனக் காணியாகவும் மாறின. அன்றைய ரெயில் பணத்தை நிலையத்தடியில் இறக்கவில்லை, வளவுகளுக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

1956இல் யாழ்தேவி கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போரால் எல்லாம் நின்றது. பிறகு சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கருக்குப் போயின. பாதை இருந்த மேட்டில் பற்றை முளைத்தது, சில இடங்களில் ஆட்கள் குடியேறினார்கள், சில இடங்களில் அது சைக்கிள் பாதையானது.

போர் முடிந்த பின் இந்தியாவின் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று கட்டம் கட்டமாக வண்டி வந்தது. தெற்கே மாகோவில் இருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றர் பழைய பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலை 2023 ஜனவரியில் தொடங்கியது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அநுராதபுரத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் அதைத் திறந்துவைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். இது அதிவேக ரெயில் இல்லை. உலகத்தில் புதுப் பாதை ஒன்றை அதிவேகப் பாதை என்று சொல்ல மணிக்கு 250 கிலோமீற்றர் போக வேண்டும், பழைய பாதையைத் திருத்தியிருந்தால் 200. எங்கள் பாதை 100 முதல் 120 வரை தாங்கும்படி போடப்பட்டது. மாகோவுக்கு வடக்கே முழுதும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஒன்று நிற்க வேண்டும். கொழும்புக்கு நேரடியாகப் போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் நிலையத்தைச் சுற்றியுள்ள காணியைப் பொறுத்தவரை அதிவேகப் பாதை போட்ட நாடுகள் முகங்கொடுத்த அதே கேள்விகள்தான் எங்களுக்கும் வந்தன. அதனால்தான் அவற்றை ஒப்பிடுவதில் பயன் உண்டு என்று நினைக்கிறேன்.

நிலையத்தைச் சுற்றி

யாழ்ப்பாணம் நிலையம் பழைய முகப்போடு அழகாக எழும்பி நிற்கிறது. காலையில் இரவு மெயில் வந்து நின்றதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்து கொள்கிறார்கள். ஸ்ரேஷன் வீதியிலும் அதையொட்டிய வீதிகளிலும் தங்குவிடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் வந்துள்ளன. பெரும்பாலானவை பழைய வீட்டை மாற்றிக் கட்டியவை, முன் விறாந்தையை அடைத்து வரவேற்பறை ஆக்கியவை. நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆரியகுளத்தைத் திருத்தினார்கள். ஆனால் பெரிய முதலீடுகள் ஆஸ்பத்திரி வீதி, நூலகப் பக்கம், பழைய கடைத்தெரு என்று எப்போதும் போகும் இடங்களுக்கே போயின. நிலையம் அவற்றைத் தன் பக்கம் இழுக்கவில்லை.

அதற்கு வடக்கே கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை. இவை காங்கேசன்துறை வீதிக்குப் பக்கத்தால் போகும் நிலையங்கள். வீதியில் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். தண்டவாளத்தில் ஒரு நாளுக்கு ஒருசில வண்டி. கடை போடுகிறவன் எங்கே போடுவான்? வீதியோரத்தில்தான். நிலையத்துக்குப் போகும் ஒழுங்கைகள் 1905இல் இருந்த அகலத்திலேயே இருக்கின்றன. இரண்டு மாட்டுவண்டி விலத்தப் போதும், லொறி ஒன்று திரும்பப் போதாது.

2023இலும் 2024இலும் திருத்த வேலைக்காகப் பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் நான் கவனித்த ஒன்று. ஸ்ரேஷன் வீதியில் தேத்தண்ணிக்கடை வைத்திருப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். கோண்டாவில் நிலையத்தடியில் எவரும் எதையும் இழக்கவில்லை. நிலையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒழுங்கை ஒரே மாதிரித்தான் இருந்தது. ஒரு நிலையம் தன் அயலுக்கு எவ்வளவு பயன்பட்டது என்று அறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியாது.

கோண்டாவிலில் பன்னிரண்டு பரப்பு

2016இல் கொழும்பில் வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். கோண்டாவில் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் 12 பரப்பு வளவு ஒன்று இருக்கிறது, கீழே கடைகளும் மேலே பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் பயணிகளுக்கும் அறைகளும் கட்ட யோசிக்கிறேன், மதிப்பு எடுத்துத் தாருங்கள் என்றார். நல்ல யோசனை. இடமும் நல்ல இடம். யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். 12 பரப்பு என்றால் முக்கால் ஏக்கர். தாராளம்.

உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தேன். அறுபதுகளில் ஒரு தாய் மூன்று மகள்மாருக்கும் நாலு நாலு பரப்பாகச் சீதனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடு மகளின் உறுதியில் இப்படி எழுதியிருந்தது: நாலு பரப்புக் காணியும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும். கிணறு மூத்த மகளின் துண்டில் இருக்கிறது. வாய்க்கால் கடைசி மகளின் துண்டின் ஊடாகப் போகிறது. தண்ணீருக்காக மூன்று குடும்பமும் என்றைக்கும் ஒருவரையொருவர் விட்டுப் போகக்கூடாது என்று அந்தத் தாய் நினைத்திருப்பார். அன்றைக்கு அது பாசம். இன்றைக்கு அதை அவிழ்க்க மூன்று பக்கத்தின் கையெழுத்தும் வேண்டும்.

நடு மகள் 2003இல் மரண சாசனம் எழுதாமலே கண்ணை மூடினார். பிள்ளைகள் ஐந்து பேர்: ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், கொழும்பு, கடைசிப் பெண் மட்டும் இங்கே. ஆளுக்கு ஐந்தில் ஒரு பிரிபடாத பங்கு. மூல உறுதி 1995 இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. பதிவகத்தில் பிரதி எடுக்கவே மாதக்கணக்கில் சென்றது. பாரிசில் உள்ளவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துவிட்டார், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. லண்டனில் உள்ளவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை.

அதோடு வளவின் பின்பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. வலிகாமம் வடக்கில், கட்டுவனுக்கு வடக்கே இருந்து 1990இல் எழும்பியவர்கள். அவர்களின் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டது. ரெயில் நின்ற அதே வருடம். ஊரூராக அலைந்து 1996இல் இங்கே வந்தபோது, நடு மகள் உயிரோடு இருந்த காலம், அவரே கூப்பிட்டுக் கொட்டில் போட விட்டிருக்கிறார். நான் அளவு எடுக்கப் போன அன்று அந்த ஐயா நாற்காலி கொண்டுவந்து போட்டார். "தம்பி, நாங்கள் ஆட்சி உரிமை அது இதெண்டு கேக்க மாட்டம். எங்கட காணியை விட்டால் அடுத்த நாளே போயிடுவம்" என்றார். சட்டத்திலும் அப்படித்தான். பத்து வருடம் எதிர்ப்பாக ஆண்டால்தான் ஆட்சியுரிமை வரும், உரிமையாளரின் அனுமதியோடு இருந்தவருக்கு வராது. ஆனால் கொட்டிலில் ஆள் இருக்கும் காணிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஒரு வருடம் ஓடித் திரிந்துவிட்டு அந்த வியாபாரி கைவிட்டார். காங்கேசன்துறை வீதியோரத்தில் ஒரே உறுதியோடு கிடைத்த ஒரு சிறிய துண்டை வாங்கிக் கடை கட்டினார். நிலையத்தடி வளவு அப்படியே கிடக்கிறது. அதன் மதிப்பு மட்டும் என் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. அந்தக் கூடுதலால் எவருக்கும் ஓர் அறையோ ஒரு வேலையோ கிடைக்கவில்லை.

இது ஒரு தனிக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலையங்களைச் சுற்றி நான் பார்த்த காணிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் இருக்கின்றன. நகரத்துக்குள்ளே வந்தால் இன்னொரு தரப்பும் இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் இன்றும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களின் உறுதிகளையும் இதே கவனத்தோடுதான் கையாள வேண்டும். அவர்களை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்தின் காணிப் பிரச்சினையைப் பேசுவது சரியில்லை.

சட்டம் சொல்வது

தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தது. முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று காணியை வகை பிரித்துக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருக்கும் நோக்கம் அதற்கு உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முற்கொள்வனவுச் சட்டத்தின்படி, பிரிபடாத பங்கை விற்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் அதே விலைக்கு வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதல் உரிமை. நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. ஆனால் ஐந்து பங்காளிகளும் நாலு நாட்டில் இருக்கும்போது அந்த அறிவித்தலே ஒரு வேலையாகிவிடுகிறது. முடியாவிட்டால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். போனவர்கள் அது எத்தனை வருடம் இழுக்கும் என்று சொல்வார்கள்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் காணி வாங்குவதைத் தடுத்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு, நெருங்கிய உறவின் வழியாகப் பரம்பரையாக வருவதற்கும் உண்டு. தொடர்மாடியின் மேல்மாடி வீடுகளுக்கும் விலக்கு உண்டு. அதாவது பாரிஸ் தம்பி இங்கே இரண்டு பரப்பு வாங்க முடியாது, ஆனால் ஐந்தாம் மாடியில் ஒரு வீடு வாங்கலாம். அப்படியானால் நிலையத்தடியில் தொடர்மாடி கட்டினால் புலம்பெயர்ந்த பணம் வந்து சேரும் என்று ஒருவர் சொல்லலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். அங்கேதான் அடுத்த தடை வருகிறது.

கிணறும் குழியும்

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழை இறங்கித் தங்கும் நீரில்தான் உயிர் வாழ்கிறோம். நகரம் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு கிணறு, வீட்டுக்கு வீடு ஒரு மலசலக்குழி. இரண்டுக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,720 சதுர அடி. இரண்டு பரப்புத் துண்டு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். அதற்குள் வீடும் நிற்க வேண்டும், தன் கிணற்றில் இருந்தும் நாலு பக்கத்து அயலாரின் கிணறுகளில் இருந்தும் குழி 50 அடி விலகியும் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கே இடம் போதவில்லை. அதே துண்டில் 20 வீடு அடுக்கினால் 20 வீட்டுக் கழிவும் கீழே உள்ள கல்லின் வெடிப்புகளுக்குள் போகும், அங்கிருந்து கிணற்றுக்கு வரும்.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டுக்கு அது பெரிய விடயம். ஆனால் குழாயால் தண்ணீர் கூடுதலாக வந்தால் கழிவும் கூடுதலாகத்தான் வெளியே போகும். நிலையத்தடி அபிவிருத்தி என்று பேசுகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கழிவு எங்கே போகும்? இதற்குப் பதில் இல்லாமல் மாடிகளின் எண்ணிக்கையைப் பேசுவதில் பயனில்லை.

மற்ற இடங்களில்

பிரான்சின் லில் நகரத்தை எடுப்போம். நெசவாலைகள் மூடி நலிந்துபோன நகரம். பாரிசில் இருந்து வடக்கே போகும் அதிவேகப் பாதை 1993இல் வந்தது. பாதை நகரத்தின் ஊடாகத்தான் போக வேண்டும் என்று அதன் மேயர், முன்னாள் பிரதமர் பியேர் மொருவா, விடாப்பிடியாக நின்றார். நிலையத்தைச் சுற்றி அலுவலகங்களும் கடைத்தொகுதியும் கொண்ட யூராலில் எழும்பியது. கட்டடங்களைப் படத்தில் பார்த்து வியப்பவர்கள் அது நின்ற மண்ணைப் பார்ப்பதில்லை. பழைய கோட்டை மதிலைச் சுற்றி இராணுவத்துக்காக வெறுமையாக விடப்பட்டிருந்த நிலம் அது. பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. நகரசபையும் வங்கிகளும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனம் அதை எடுத்து நடத்தியது.

லண்டன் கிங்ஸ் குரொசும் அப்படியே. 2007இல் பக்கத்துச் சென் பன்கிராசுக்கு அதிவேக ரெயில் வந்தது. 67 ஏக்கர் பழைய நிலக்கரி முற்றமும் பண்டகசாலைகளும் பெரும்பாலும் இரண்டே உரிமையாளர்களிடம் இருந்தன. ஒரு அபிவிருத்தியாளரோடு சேர்ந்து வருடக்கணக்காகப் பொறுமையாகக் கட்டினார்கள்.

நிலம் ஒரு கையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதே பிரான்சில் அதே பாதையில் ஓற்-பிகார்டி (Haute-Picardie) என்ற நிலையம் இருக்கிறது. இரண்டு நகரங்களுக்கு நடுவே, இரண்டுக்கும் தூரமாக, பீட்ரூட் வயலில் நிற்கிறது. அதன் பெயரே ஊராரிடம் பீட்ரூட் ஸ்ரேஷன். சாதாரண ரெயிலோடு இணைப்பு இல்லை, சுற்றி நகரமும் வரவில்லை. ஜப்பானின் ஷின்யொக்கஹாமாவும் 1964இல் திறந்தபோது வயலுக்குள்தான் நின்றது. பல காலம் அப்படியே கிடந்தது. 1985இல் நகரத்துச் சுரங்க ரெயில் அங்கே வந்து இணைந்த பின்தான் அது மெய்யான நகரமாகத் தொடங்கியது. தூர ரெயில் ஆளைக் கொண்டுவந்து இறக்கும், உள்ளூர் வண்டிதான் அந்த ஆளை நகரத்துக்குள் சேர்க்கும். கோண்டாவிலில் இறங்குபவருக்கு அடுத்த வண்டி என்ன? ஒரு ஓட்டோ, அல்லது கூட்டிக்கொண்டு போக வந்த மச்சானின் மோட்டார் சைக்கிள்.

எங்கள் நிலைமைக்கு எனக்குப் பிடித்த வழி ஜப்பானில் இருந்தே வருகிறது. 1923 நிலநடுக்கத்தில் ரோக்கியோ அழிந்த பின் பெருமளவில் செய்தார்கள், பிறகு 1954இல் தனிச் சட்டமே போட்டார்கள். யாருடைய காணியையும் பறிப்பதில்லை. அயலில் உள்ள எல்லோரும் தங்கள் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அதில் வீதிக்கும் வாய்க்காலுக்கும் பொது இடத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கி, செலவுக்காக இன்னும் கொஞ்சத்தை விற்கிறார்கள். மிச்சத்தை நேர்த்தியான துண்டுகளாக வெட்டி அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். 12 குடும்பம், ஆளுக்கு 4 பரப்பு, மொத்தம் 48 பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பரப்பு விட்டால் 12 பரப்புப் பொதுவுக்கு. அதில் லொறி திரும்பும் வீதி வரும், 12 வீட்டுக்கும் ஒரே கழிவுநீர்த் தொட்டி வரும், விற்கவும் ஒரு துண்டு மிஞ்சும். 3 பரப்போடு திரும்பிப் போகிறவரின் காணி முந்திய 4 பரப்பைவிடப் பெறுமதியாக இருக்கும். கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் பங்கு எல்லாம் அந்த ஒரே ஏற்பாட்டில் தீரும். அந்தத் தாய் விரும்பியதும் ஏறத்தாழ இதுதானே?

ஏன் அரசு சுவீகரிக்க முடியாது

இதைப் படிக்கும் கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள்: 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறதே, பொதுத் தேவை என்று எடுத்து நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம் கொடுத்தால் முடிந்தது அல்லவா? மற்ற மாவட்டங்களில் அது சாதாரண நடைமுறையாக இருக்கலாம். இங்கே அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு என்றாலே சனத்துக்கு நெஞ்சு இடிக்கும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புக்குப் பின்னர்தான் அது மீளப்பெறப்பட்டது. உறுதி தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் நிறைந்த மண்ணில் மூன்று மாதம் என்பது எவ்வளவு கொடுமையான கால எல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அபிவிருத்தி என்ற சொல்லோடு அரச அதிகாரி ஒருவர் ஒழுங்கைக்குள் வந்தால், கேற்றைப் பூட்டிக்கொள்வதுதான் எங்கள் சனத்தின் முதல் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காங்கேசன்துறை

முழுக் கதையும் வந்து சேருகிற இடம் கடைசி நிலையம். அங்கே ரெயில் இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது, 2023 ஒக்ரோபரில் இருந்து நாகபட்டினம் கப்பல் விட்டு விட்டாவது ஓடியிருக்கிறது. மூடிக் கிடக்கும் சீமெந்து ஆலையின் பெரிய நிலம் இருக்கிறது. 2019இல் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்த பலாலி பக்கத்திலேயே இருக்கிறது. ரெயிலும் கப்பலும் விமானமும் சில மைலுக்குள் சேரும் இடம் இலங்கையில் வேறு எத்தனை உண்டு?

அதனால் திட்டம் வரைகிறவர்களின் கண் அங்கே போகிறது. போகட்டும். ஆனால் ஒழுங்குமுறை முக்கியம். சீமெந்து ஆலை நிலம் போன்ற உண்மையான அரச நிலத்தில் இன்றைக்கே தொடங்கலாம், லில் தொடங்கியது போல. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த, இன்னும் இருக்கிற மக்களின் காணியை லில் கோட்டை நிலத்தோடு ஒப்பிடவே கூடாது. அது வெறும் நிலம் இல்லை, உறுதியும் சொந்தக்காரரும் உள்ள வளவுகள். முதலில் அவை சொந்தக்காரரின் கையில் திரும்ப வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும், பெயர் பதிய வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் விரும்பினால் காணிகளைச் சேர்த்துத் திருத்தும் வழியைப் பேசலாம். வாழ்நாளில் ஒருமுறை காணியை இழந்தவரிடம், திரும்பக் கையில் கிடைக்கும் முன்பே பொதுவுக்கு ஒரு பரப்பு விட்டுத் தாருங்கள் என்று கேட்க எந்தத் திட்டத்துக்கும் உரிமை இல்லை.

உடனே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன, அவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. நிலையங்களில் இருந்து அரை மைல் சுற்றளவில் உள்ள காணிகளின் உறுதி நிலையைப் பிரதேச செயலகமும் பதிவகமும் சேர்ந்து ஒரு பட்டியலாக எடுக்கலாம். வெளிநாட்டில் உள்ள பங்காளிகள் அங்கிருக்கும் தூதரகங்களிலேயே அற்றோணித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், எழுதிக் கொடுக்க ஒரு நாளை ஒதுக்கலாம். வண்டி வரும் நேரத்துக்குச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சிறிய பஸ் விடலாம். கழிவுநீர் விடயத்தை யாழ் நிலையத்தைச் சுற்றியாவது தொடங்கலாம்.

போன மாதம் கோண்டாவில் வளவில் இருந்து அழைப்பு வந்தது. ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் அற்றோணி எழுதி அனுப்பிவிட்டார்களாம். லண்டன் அண்ணாவும் ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்திருக்கிறார். கடைசித் தங்கை புது மதிப்பு எடுக்கச் சொன்னார். போனேன். பின்பக்கத்துக் கொட்டிலுக்கு இப்போது தகரக் கூரை. ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். அதற்குள் அவருடைய சொந்தக் காணியின் உறுதியும், 1971இல் கீறிய பிளானும். 1990இல் இருந்து எந்த ஊருக்கு ஓடினாலும் அதைக் கையோடு கொண்டு திரிந்திருக்கிறார்.

"தம்பி, இதுக்கும் ஒரு மதிப்புப் போட்டுத் தாங்கோவன். பிள்ளையளுக்குக் காட்ட."

அடுத்த ஞாயிறு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வீதி முடியும் இடத்தில் முட்கம்பி வேலி. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அந்தா, அந்த மூண்டாவது பனை. அதுக்குக் கீழைதான் கிணறு." பிளானை விரித்துப் பிடித்தேன். கிணறு அங்கேதான் கீறப்பட்டிருந்தது, வடகிழக்கு மூலையில், ஒரு சிறிய வட்டமாக. படிவத்தில் பரப்பளவை எழுதினேன், எல்லைகளை எழுதினேன். நேரில் பார்வையிட்ட திகதி என்ற இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறேன்.